நல்லா இருக்கிற ஆளுக்கு எதுக்கு ஊசி?

டாக்டர் கிளினிக்கில் நோயாளி உட்கார்ந்து காத்திருக்கலாம், மெடிக்கல் ரெப் நின்றுகொண்டுதான் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் யாரும் எழுதி வைக்காத சட்டம். தோளில் பை, கழுத்தில் டை, முகத்தில் ஒட்டவைத்த சிரிப்பு. இந்தக் கோலத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பைக்கில் புழுதி தின்னும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. புலம்பக் கூட ஒரு துணை வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

பல வருஷம் இருமல் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் விற்றேன். அப்போதெல்லாம் எந்த டாக்டரும் என்னை முறைத்ததில்லை. பிறகு கம்பெனி என்னைப் பெரியவர்களுக்கான தடுப்பூசிப் பிரிவுக்கு மாற்றியது. நிமோனியா வராமல் இருக்க ஒன்று, ஃப்ளூ வராமல் இருக்க வருஷத்துக்கு ஒன்று. சர்க்கரைக்காரர்கள், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள், வயசானவர்கள் ஆகியோருக்கு இவற்றைப் பரிந்துரைக்கும்படி குடும்ப டாக்டர்களைக் கேட்டுக்கொள்வது என் வேலை. கேட்டுக்கொள்வது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கெஞ்சுவது என்று நீங்களே மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கென்று தனியாக ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. என் அண்ணன் அந்தோணி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் மணல் தூசியைச் சுவாசித்தே காலம் தள்ளியவர். நுரையீரல் பாதி போய்விட்டது. போதாக்குறைக்குச் சர்க்கரை. ஒவ்வொரு மழைக்காலமும் அவருக்கு ஒரு கண்டம். நான் ஊர் ஊராகப் படம் காட்டிப் புகழ்கிற ஊசி வேறு யாருக்கு வேண்டுமோ இல்லையோ, அவருக்கு வேண்டும். அதை அவர் உடம்பில் ஏற்ற நான் பட்ட பாடுதான் இங்கே வருகிறது.

ஆவடியில் முதல் நாள்

புதுப் பிரிவில் என் முதல் விஜயம் ஆவடியில் ஒரு பெண் டாக்டரிடம். வேண்டுமென்றேதான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதில் அவரை அடிக்க ஆளில்லை. ஒரு தவணை தள்ளிப்போனால் தாய்மார்களை உட்காரவைத்துத் திட்டுவார். ஊசி மருந்துக்கென்றே தனியாக ஃபிரிட்ஜ், கரண்ட் போனால் அதற்கு இன்வெர்ட்டர். இவரிடம் பேசி ஜெயிப்பது சுலபம் என்று நினைத்தேன்.

நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நல்ல மருந்து என்று தலையாட்டினார். குழந்தைகளைக் கூட்டிவரும் தாத்தாக்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் மேடம், பேரனுக்குப் போடும்போதே அவர்களுக்கும் போட்டுவிடலாம் என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தார். "குழந்தைக்கு ஊசின்னா அம்மாக்காரி அடம்பிடிச்சாவது தூக்கிட்டு வந்துடுவா. அறுபது வயசு ஆளுக்கு யாருப்பா அம்மா?"

சொந்த வீட்டில் வியாபாரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேனாம்பேட்டில் எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருதான். அண்ணி ஸ்டெல்லா ஆட்டுக்கால் சூப் வைத்திருந்தார். அண்ணன் ஒரு வாய் குடிப்பதும், இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுப்பதுமாக உட்கார்ந்திருந்தார். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஆரம்பித்தேன். நிமோனியா வந்தால் மிச்சமிருக்கிற நுரையீரலும் போய்விடும், ஒரே ஒரு ஊசி, நானே ஏற்பாடு செய்கிறேன், செலவு என்னுடையது என்றேன்.

அண்ணன் சூப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஊசிக்குப் பயப்படுகிற ஆளில்லை அவர். குடும்ப டாக்டர் சபாபதி போட்ட ஊசிகளை வரிசையாகச் சொல்வார். மஞ்சள் காமாலையில் கிடந்தபோது அவர்தான் கைகொடுத்தார். அண்ணியின் முதல் பிரசவம் சிக்கலானபோது ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தார். அண்ணனுக்கு அந்த டாக்டர் சொல்வதுதான் வேதம். என்னிடம் சொன்னார்: "டேய் லூர்து, நீ அத்த விக்கிறவன். நீ சொன்னா யாவாரம் மாதிரி கீது. எங்க டாக்டர் அவர் வாயால 'அந்தோணி, போட்டுக்கோ'ன்னு ஒரு வார்த்த சொல்ட்டும், அப்பவே கைய நீட்றேன்."

கைராசி

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டாக்டர் சபாபதியின் கிளினிக்குக்கு நடக்க ஆரம்பித்தேன். அவரை மேனாம்பேட்டில் தெரியாதவர் இல்லை. எம்.பி.பி.எஸ். மட்டும்தான் படித்திருக்கிறார், மேல்படிப்பு எதுவும் கிடையாது. ஆனால் கைராசிக்காரர். புதிதாகக் கடை திறப்பவர்கள் முதல் போணிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேறு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கூட இவர் கையில் ஒரு தடவை கொடுத்து வாங்கி, அப்புறம்தான் விழுங்குவேன் என்கிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கி, ஒரு நொடி உள்ளங்கையில் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்.

கடைசி நோயாளி போன பிறகு உள்ளே விட்டார்கள். அண்ணன் விஷயத்தைச் சொன்னேன். ஊசி நல்ல ஊசிதான், அந்தோணி மாதிரி ஆட்களுக்கு அவசியம்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்படியானால் ஒரு வார்த்தை சொல்லுங்களேன் சார் என்றேன். டாக்டர் மேஜை மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார்.

"ஜுரத்தோட வந்தவனுக்கு ஊசி போட்டு ஜுரம் விட்டா கைராசின்னு சொல்வாங்க லூர்து. நல்லா இருக்கிற ஆளுக்குப் போட்டு, மறுநாள் கை வலி, உடம்பு கணகணன்னு இருந்தா? 'நடந்து போனவரைப் படுக்க வெச்சுட்டாரு டாக்டர்'னு தெருவே பேசும். வராத நோயைத் தடுத்ததுக்கு எவன்ப்பா என்னைக் கைராசிக்காரன்னு சொல்லுவான்?"

ஊசி கேட்ட அம்மாள்

அதே கிளினிக்கில் வேறொரு சாயங்காலம். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டே வெளியே வந்தார். சாதாரண வைரஸ் ஜுரம், மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "இன்னா டாக்டரு, மாத்தர வாங்கவா இம்மாந் தூரம் வந்தேன்? ஒரு ஊசி போட்டா இன்னா கொறஞ்சா பூடும்?" என்று ஹாலில் இருந்த எல்லோரையும் நியாயம் கேட்டார். எல்லோரும் அவர் பக்கம்தான். டாக்டர் தோற்றுப்போய்த் திரும்ப உள்ளே கூப்பிட்டு ஏதோ ஒரு சத்து ஊசியைப் போட்டு அனுப்பினார். அம்மாள் ஜெயித்த முகத்தோடு கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

கூட வந்திருந்த கணவரைப் பார்த்தேன். சர்க்கரை நோயில் கால் விரல் எடுத்த மனிதர், நாலு படி ஏறவே மூச்சு வாங்கியது. ஊசி மேல் இவ்வளவு பக்தி இருக்கிற குடும்பமாயிற்றே என்று ஒரு சபலம். நிமோனியா வராமல் இருக்க அவருக்கு ஒரு ஊசி இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவருக்கு இன்னா ஜுரமா கீது, ஊசி போட? நல்லாத்தான கீறாரு. போய்யா வேலயப் பாத்துகினு."

கரையான்சாவடி போய் வந்த கதை

சரி, குடும்ப டாக்டர் சொல்லாவிட்டால் என்ன, அவரைவிடப் பெரிய டாக்டர் சொன்னால் அண்ணன் கேட்கமாட்டாரா என்று ஒரு யோசனை தோன்றியது. கரையான்சாவடியில் நுரையீரல் நிபுணர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். ஊதச் சொன்னார், படம் எடுத்தார், இன்ஹேலரை மாற்றினார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எழுந்திருக்கும் நேரத்தில் நானே ஊசிப் பேச்சை எடுத்தேன். கண்டிப்பாகப் போட வேண்டியதுதான் என்றார். என் மனசு குதித்தது. அடுத்த வாக்கியத்தில் கீழே தள்ளினார். ஊசியெல்லாம் இங்கே போடுவதில்லையாம், அது குடும்ப டாக்டர் பார்த்துக்கொள்கிற சமாச்சாரமாம். அதை ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் விஷயத்தில் நான் தலையிடுவது நன்றாக இருக்காது என்று சொல்லி அடுத்த நோயாளிக்கு மணி அடித்துவிட்டார்.

மறுநாளே சபாபதி டாக்டரிடம் ஓடினேன். நிபுணர் எழுதிய சீட்டை நீட்டி, அவரும் ஊசி அவசியம் என்கிறார் சார் என்றேன். அவர் புது இன்ஹேலரின் பெயரைப் படித்துப் பார்த்தார், பக்கம் திருப்பினார், நிதானமாகத் திருப்பிக் கொடுத்தார். "நுரையீரலுக்குன்னே படிச்சவர் எழுதாததை நான் எழுதினா, அவரைவிட நான் பெரிய ஆளுன்னு ஆயிடாது?"

பிரியாணிக்கு முன்னும் பின்னும்

எங்கள் கம்பெனி டாக்டர்களுக்காக ஒரு கூட்டம் நடத்தியது. பூந்தமல்லி ஹைரோட்டில் ஒரு ஹோட்டல், ஏ.சி. ஹால், கடைசியில் பிரியாணி. நகரத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர், வயசானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஏன் தடுப்பூசி வேண்டும் என்று அருமையாகப் பேசினார். எதிர்த்துப் பேசியவர் ஒருவர் கூட இல்லை. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கோபம் வந்தது எனக்கு. எதிர்த்திருந்தால் கூடப் பதில் சொல்லியிருக்கலாம், ஆமாம் என்கிறவரிடம் எதைச் சொல்லி வாதாடுவது?

கை கழுவும் இடத்தில் திருமுல்லைவாயல் டாக்டர் ஒருவர் மாட்டினார். நீங்கள் ஏன் சார் நோயாளிகளிடம் சொல்வதில்லை என்று நேராகவே கேட்டுவிட்டேன். கேட்கிறவர்களுக்குப் போடத் தயாராகத்தான் இருக்கிறேன், யாரும் கேட்பதில்லையே என்றார். நோயாளிகளோ டாக்டர் சொல்லட்டும் என்று இருக்கிறார்கள் சார், என் அண்ணனே அப்படித்தான் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப ரெண்டு பேருமே ஒருத்தர் மேல ஒருத்தர் மரியாதையாத்தான் இருக்கோம். அதுல என்னப்பா தப்பு?"

குத்தம்பாக்கத்துச் சின்ன டாக்டர்

எல்லா டாக்டர்களும் ஒரே மாதிரி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் வருகிறதென்று நம்பி ஒரு இளம் டாக்டர் கிளினிக் திறந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஊசி வேண்டும் என்று கேட்ட ஒரே மனிதர். வருகிற ஒவ்வொரு சர்க்கரை நோயாளியிடமும் தானே எடுத்துச் சொல்வார், படம் போட்டுக் காட்டுவார். ஓரிரு மாதம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் பைக் தானாகவே வேகமெடுத்தது. அண்ணனையும் அங்கே கூட்டிப்போகப் பார்த்தேன். "கொயந்த மாதிரி கீறாரே, இவரு எனுக்கு ஊசி போடுவாரா?" என்று அவர் பைக்கை விட்டே இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் போனபோது கிளினிக் காற்று வாங்கியது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், நிலம் நீச்சு உள்ள பழைய குடும்பம், இவரிடம் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். மறுநாள் லேசான ஜுரம், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அது போதாதா? நன்றாக இருந்தவருக்கு ஜுரத்தை ஏற்றிவிட்டார் டாக்டர் என்று கல்யாண வீடு, சாவு வீடு எல்லா இடத்திலும் பேச்சு. இனிமேல் யாரிடமும் ஊசி பற்றிப் பேசுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டதாகச் சின்ன டாக்டர் சொன்னார். அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இந்த மழையில அவர் வீட்டுல எல்லாரும் படுத்தாங்க சார், அவர் மட்டும் கிண்ணுன்னு இருந்தார். படுத்தவங்களையெல்லாம் வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதே அவர்தான்."

மேனேஜர் ஆறுதல் சொன்னது

அந்த வருஷம் என் விற்பனையைப் பார்த்து ஏரியா மேனேஜர் அம்பத்தூரில் ஒரு டீக்கடையில் வைத்து விசாரித்தார். நானும் மனசு விட்டு எல்லாவற்றையும் கொட்டினேன், அண்ணன் கதை உட்பட. அண்ணனுக்காவது ஏதாவது வழி சொல்வார் என்று ஒரு நப்பாசை. டீயை உறிஞ்சி முடித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "சொந்த அண்ணனையே உன்னால கன்வின்ஸ் பண்ண முடியல, இதுல பதினஞ்சு டாக்டரை எப்படிப்பா பண்ணப் போற?"

பை இல்லாமல் போன நாள்

அடுத்த மழைக்காலம் ஆரம்பித்தது. கடைசியாக ஒரு வழி பார்த்தேன். பையை வீட்டில் வைத்தேன். டையைக் கழற்றினேன். சாதாரணச் சட்டையில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, மற்ற நோயாளிகளைப் போல் டோக்கன் வாங்கி, சபாபதி டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் ரெப் இல்லை, நோயாளியின் தம்பி. எங்கள் முறை வந்தது. டாக்டர் அண்ணன் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார், பேத்தி படிப்பு எப்படிப் போகிறது என்று விசாரித்தார். அண்ணன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. நான் காலால் இடித்தேன். அண்ணனே கேட்டார்: "டாக்டர், இவன் ஏதோ நெஞ்சு சளிக்கு ஊசின்றான். போட்டுக்கலாமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கும்பிடாத குறையாகப் பார்த்தேன். 'போட்டுக்கோ அந்தோணி' என்று சொல்லட்டும். அவ்வளவுதான், இரண்டே வார்த்தை, அதற்கு மேல் அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவர் பேனாவை எடுத்தார், மூடினார். போட்டாலும் தப்பில்லை, போடாவிட்டாலும் தப்பில்லை, இப்போது மழையும் குளிருமாக இருக்கிறது, உடம்புக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் சிரமம், மழை முடியட்டும் பார்க்கலாம் என்றார். மழையில் வரப்போகிற நோய்க்கான ஊசியை மழை முடிந்தபின் போடலாம் என்று சொன்னார், சகாக்களே. நான் மறுத்துப் பேச வாயெடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார். தன் டாக்டரைத் தன் எதிரில் எதிர்த்துப் பேசக் கூடாதாம்.

தெருவில் இறங்கியதும் அண்ணன் வெற்றியோடு சொன்னார்: "பாத்தியா, டாக்டரே அவசரம் இல்லன்ட்டாரு. நீதான் சும்மா பேஜார் பண்ணிக்கினு கீற."

தண்ணீரில் வந்தவர்

மழை முடியவில்லை. விடாமல் பெய்து தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்ற ஒரு மத்தியானம், அண்ணி போன் செய்தார். அண்ணனுக்கு நடுக்கத்தோடு ஜுரம், மூச்சு இழுக்கிறது, உதடு நீலம் பூத்துவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் சபாபதி டாக்டர் அங்கே இருந்தார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, அந்தச் சாக்கடைத் தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறார். அந்த வயசில், அந்த மழையில், எந்த டாக்டர் வருவார்? பார்த்ததுமே நிமோனியா என்று சொல்லிவிட்டார். ஆன்டிபயாட்டிக் ஊசியை அவரே போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து படுக்கைக்குச் சொன்னார். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுக்கு மேல் வர முடியவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு அண்ணனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக வைத்ததும் அவர்தான். குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதுதான் என் கஷ்டமே.

ஆம்புலன்சில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு அண்ணன் என்னிடம் பேசினார். பேசாதே என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. முகத்தில் கொஞ்சம் கூடப் பயம் இல்லை. "நம்ம டாக்டர் கைய வெச்சிட்டாரு இல்ல? இனிமே இன்னா பயம்?"

முப்பதாம் நாள் பூசை

ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மெஷின் வைத்துப் பார்த்தார்கள். அண்ணன் திரும்பி வரவில்லை. அந்த ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. எனக்கும் தெரியும், அதைச் சொல்லித்தான் பயிற்சியே கொடுத்தார்கள். ஆனால் பிழைக்க இருந்த ஒரு வாய்ப்பை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை என்று மட்டும் அடித்துச் சொல்வேன். அந்தத் துக்கத்தில் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அழுகை கூடச் சரியாக வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. சபாபதி டாக்டர் வந்து அண்ணன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அண்ணியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார். வந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று வழிவிட்டார்கள். அவர் போனதும் எனக்குத் தாங்கவில்லை. இவர் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் இப்போது நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று கத்திவிட்டேன். அண்ணி என் தட்டில் சோற்றைப் போட்டபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அப்பிடிச் சொல்லாத தம்பி. அந்தத் தண்ணில எறங்கி வந்தாரு மனுசன். அவரு கையே காப்பாத்தலன்னா வேற எந்த ஊசி காப்பாத்தி இருக்கும்?"

கதவைச் சாத்திக்கொண்டு

சில வாரம் அந்தக் கிளினிக் பக்கமே என் வண்டியைத் திருப்பவில்லை. பிறகு சபாபதி டாக்டரே போன் செய்தார். நிமோனியா ஊசி ஒன்று கொண்டு வா என்றார். என் மனசில் என்னென்னவோ ஓடியது. அண்ணன் போனது வீண் போகவில்லை, மனிதர் மாறிவிட்டார், இனி அவர் வாயால் சொன்னால் மேனாம்பேடு முழுக்கக் கை நீட்டும் என்று நினைத்துக்கொண்டே எங்கள் மொத்த விற்பனை ஸ்டாக்கிஸ்ட்டிடம் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடினேன். யாருக்கு சார் என்று கேட்டேன். டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தனக்கும் பல வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, வயசும் ஆகிவிட்டது, அந்தோணி போனதிலிருந்து தூக்கமே இல்லை என்றார். குரல் நிஜமாகவே உடைந்தது. பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, இடது தோளில் தானே குத்திக்கொண்டார். என் அண்ணன் எந்தக் கைக்காகக் கடைசி வரை காத்திருந்தாரோ அந்தக் கையால்தான். அந்த ஐஸ் பெட்டியை எடுத்து அவர் மேஜைக் கண்ணாடியில் அடித்தால் என்ன என்று தோன்றியது. அடிக்கவில்லை. பஞ்சை எடுத்துக் கொடுத்தேன்.

இனிமேலாவது நோயாளிகளிடம் சொல்வீர்களா சார் என்று கேட்டேன். என் அண்ணன் பெயரைச் சொல்லியே கேட்டேன். அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாத்திய கதவைப் பார்த்தார். வெளியே ஹாலில் இருமல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "மெதுவாப் பேசு லூர்து. கம்பவுண்டரம்மாவுக்குக் கூடத் தெரியக் கூடாது. டாக்டரே ஊசி போட்டுக்கிட்டார்னா அவருக்கே என்னமோ நோய்னு பேசிடுவாங்க, அப்புறம் என் கையை எவன் நம்புவான்?"

ஆக, இத்தனை வருஷ அலைச்சலில் மேனாம்பேட்டில் என் பேச்சை நம்பி ஊசி போட்டுக்கொண்ட ஒரே ஆள் ஊசியே வேண்டாம் என்று மழுப்பிய டாக்டர்தான், அதையும் நான் வெளியே சொல்லக் கூடாது.